நல்லாத்தான் இருக்கு

இலங்கை மலையகத்து லிந்துலைக் கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்திருந்த சிதம்பரநாதனின் மனைவி சீதாலெட்சுமிக்கு 2003ஆம் ஆண்டு மாசி மாதம் கொழும்பில் இடது முழங்காலுக்கு மாற்று மூட்டு வைத்தார்கள். அவளுக்கு அப்போது அறுபத்தொரு வயது. சிதம்பரநாதன் காலமாகி நாலு வருஷம். கடையை ஒரே மகன் பிரதீபன்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்தக் கால் பத்து வருஷமாக அவளைப் படுத்தி எடுத்தது. முட்டி உள்பக்கம் மடங்கி, நடக்கும்போது இரண்டு முட்டியும் ஒன்றையொன்று உரசும். கடைக்கு மேலேதான் வீடு. படி ஏறுவதென்றால் சுவரைப் பிடித்து, நாலு படிக்கு ஒருமுறை நின்று, பல்லைக் கடித்துக்கொண்டு ஏறுவாள். ஆபரேஷன் என்ற பேச்சை எடுத்தாலே பயந்து வேறு பேச்சுக்குப் போய்விடுவாள். பிரதீபன் விடவில்லை.

"அப்பாவுக்கு நெஞ்சு வலிச்சப்ப நாளைக்குப் பார்க்கலாம், நாளைக்குப் பார்க்கலாம்னு இருந்தோம். உங்களையும் அப்படி விடச் சொல்றீங்களா?" என்று கேட்டான். அதற்குப் பிறகுதான் அவள் சம்மதித்தாள்.

ஆபரேஷன் முடிந்து கண் விழித்தபோது கால் நேராகக் கிடந்தது. எலும்புக்குள் இருந்த அந்தப் பழைய வலி, நிஜமாகவே, போய்விட்டிருந்தது. மறுநாள் காலையில் தாதி வந்து பாதத்தை மேலே தூக்கிக் காட்டச் சொன்னாள். வலது பாதம் எழுந்தது. இடது பாதம் யாருடையதோ போல அப்படியே கிடந்தது. டொக்டர் வந்து பாதத்தின் மேல் ஏதோ ஒன்றால் கீறிப் பார்த்தார். போர்வைக்கு மேலே யாரோ கீறுகிற மாதிரிதான் அவளுக்கு இருந்தது.

பல வருஷம் மடங்கியிருந்த காலை நேராக்கும்போது பக்கத்து நரம்பு இழுபட்டிருக்கும், கொஞ்சப் பேருக்கு இப்படி ஆகும், பல பேருக்குச் சில மாதத்தில் சரியாகிவிடும், சிலருக்கு ஆகாமலும் போகலாம் என்று டொக்டர் பிரதீபனிடம் சொன்னார். பிரதீபன் "சரியாகிவிடும்" என்ற சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு ஊருக்கு வந்தான்.

வந்தவன் சும்மா இருக்கவில்லை. கடைக்கு வருகிற ஆட்களுக்கெல்லாம் எக்ஸ்ரே படத்தை டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்துக் காட்டினான். "பாருங்க, அப்படியே புது மூட்டு. எங்கம்மா இப்ப ஒரே மூச்சில படி ஏறுறாங்க" என்பான். வந்தவர்கள் அண்ணாந்து பார்த்துவிட்டு, "எப்படிங்கம்மா இருக்கு?" என்று அவளைக் கேட்பார்கள்.

"நல்லாத்தான் இருக்கு" என்பாள் சீதாலெட்சுமி. மகன் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். சிதம்பரநாதனைக் கொண்டுபோய் அடக்கம் பண்ணிய நாளிலிருந்து அந்த முகத்தில் அவள் காணாத வெளிச்சம் அது. அதற்குமேல் அவள் என்ன சொல்வாள்?

முட்டிக்குக் கீழே வெளிப்பக்கம் தொடங்கி விரல் வரைக்கும் கால் மரக்கட்டையாக இருந்தது. மரக்கட்டையாக மட்டும் இருந்திருந்தால் பரவாயில்லை. மிளகாய் அரைத்த கையால் தேய்த்துவிட்ட மாதிரி அது எரியவும் செய்தது. கிள்ளினால் தெரியாத தோல், சேலை விளிம்பு பட்டால் சுண்டியிழுக்கும். தொட்டால் தெரியாத இடம் எப்படி எரியும் என்று அவளுக்கே விளங்கவில்லை. பனிமூட்டம் இறங்குகிற சாயங்காலங்களில் எரிச்சல் கூடும். டொக்டர் எழுதிக்கொடுத்த சின்ன மாத்திரையைப் போட்டால் வாய் உலர்ந்து, தலை கனத்து, நாள் பூராவும் தூக்கம் வந்தது. எரிச்சல் கொஞ்சம் தள்ளி நின்றதே தவிரப் போகவில்லை.

நடக்கும்போது இடது பாதத்தின் நுனி தரையில் இழுபட்டது. செருப்பு கழன்று விழுந்தாலும் தெரியாது. ஒருநாள் கோயிலுக்குப் போகிற வழியில், "அம்மா, செருப்பு அங்கேயே கிடக்கு" என்று பஸ்ஸுக்கு நின்ற ஒரு பெண் கூப்பிட்டுச் சொன்னாள். திரும்பிப் பார்த்தால் ஐம்பதடி பின்னால் கிடந்தது. இன்னொரு நாள் மத்தியானம், வீட்டு வேலைக்கு வரும் பேச்சியம்மா சமையலறையில் நின்று அலறினாள். அடுப்படியிலிருந்து சாமி படம் வரைக்கும் தரையெல்லாம் ரத்தம், ஒற்றைக் காலின் தடம் தடமாக. உடைந்த கண்ணாடித் துண்டு ஒன்று சீதாலெட்சுமியின் பாதத்தில் ஏறியிருந்தது. அவள் அதோடுதான் விளக்கேற்றிவிட்டு வந்திருந்தாள்.

"கீழ பிரதீபன்கிட்ட மட்டும் சொல்லிறாத, பேச்சி."

"ஏம்மா இப்படி மறைக்கிறீங்க? தம்பி பார்த்தா டொக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகாதா?"

"கூட்டிட்டுப் போவான். அதுக்கப்புறம் அவன் சிரிக்க மாட்டான்" என்றாள் சீதாலெட்சுமி.

ஆனி மாதத்தில் ஜெயமலர் டீச்சர் கடைக்கு வந்தாள். யாழ்ப்பாணத்துப் பக்கம், சாவகச்சேரிக்காரி. எண்பதுகளின் தொடக்கத்தில் கணக்கு டீச்சராக லிந்துலைக்கு வந்தவள், கலியாணம் கட்டாமல் இங்கேயே தங்கிவிட்டாள். பிரதீபனுக்கும் அவள்தான் கணக்குச் சொல்லிக்கொடுத்தாள். சனிக்கிழமைகளில் கடைக்கு வந்து சீதாலெட்சுமியோடு ஒரு மணி நேரம் பேசிவிட்டுப் போவது அவள் வழக்கம். அவளுக்கும் வலது முட்டி தேய்ந்து, பள்ளிக்கூடத்துப் படிகளில் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏறும் நிலைமை வந்திருந்தது.

"அக்கா, எனக்கும் ஒப்பரேசன் செய்யச் சொல்லித்தான் டொக்டர் சொல்லுறார். நீங்கள் செய்த ஆள். உண்மையைச் சொல்லுங்கோ. எப்பிடி இருக்கு?"

பிரதீபன் பக்கத்தில்தான் நின்றான். தராசில் பித்தளைக் குடத்தை வைத்தவன், தாயின் முகத்தைப் பார்த்தான். சீதாலெட்சுமியின் பாதம் அந்த நேரம் நெருப்பில் வைத்த மாதிரி இருந்தது. சேலைக்குள் அதைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"நல்லாத்தான் இருக்கு, டீச்சர். பயப்படாம செய்ங்க."

"அப்ப சரி. மற்றவை ஆயிரம் சொல்லட்டும். நீங்கள் ஒருத்தர் சொன்னாலே காணும் எனக்கு" என்றாள் ஜெயமலர்.

ஓகஸ்ட் லீவில் ஜெயமலர் கொழும்புக்குப் போனாள். அன்றிலிருந்து சீதாலெட்சுமிக்குச் சோறு இறங்கவில்லை. இரண்டு மாதம். கொழும்பில் டீச்சர் தங்கியிருந்த அவள் தங்கச்சி வீட்டு டெலிபோன் நம்பர் பிரதீபனிடம் இருந்தது. நம்பரைச் சுழற்றக் கை போகும். என்ன கேள்விப்பட வேண்டி வருமோ என்று கை திரும்பி வந்துவிடும். அம்மனிடம் போய் நின்றாள். என் கால் போனது போகட்டும், தாயே, அந்த மனுசியை என் வாய்ச் சொல்லால கெடுத்துறாத என்று வேண்டினாள். வாய்விட்டு அழக்கூட அவளுக்கு இடமில்லை. யாராவது ஏன் என்று கேட்டால் என்ன சொல்வது?

புரட்டாசி முடியும் சமயம், ஒரு சனிக்கிழமை பதினொரு மணிக்கு, பஸ் நிறுத்தத்திலிருந்து ஜெயமலர் நடந்து வந்தாள். கையில் ஊன்றுகோல் இருந்தது, ஆனால் அதைப் பெயருக்குத்தான் பிடித்திருந்தாள். கடைக்கு முன்னால் இருந்த உயரமான படியில் வலது காலை வைத்து, யாரையும் பிடிக்காமல் ஏறினாள். வந்ததும் சீதாலெட்சுமியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, உங்களுக்குக் கோயில் கட்டிக் கும்பிடோணும். பத்து வயசு குறைஞ்ச மாதிரி இருக்கு."

சீதாலெட்சுமிக்குக் கண் நிறைந்துவிட்டது. நிம்மதிதான். அம்மன் கேட்டுவிட்டாள் என்ற நிம்மதி. ஆனால் டீச்சரின் பாதத்தைக் குனிந்து பார்த்தபோது, அது செருப்பை விரலால் இறுக்கிப் பிடித்திருந்ததைப் பார்த்தபோது, நெஞ்சுக்குள் வேறொன்று கசந்தது. எனக்கு மட்டும் ஏன் என்ற கசப்பு. நல்லாயிருக்கட்டும் என்று வேண்டிக்கொண்ட அதே மனசுதானா இது என்று வெட்கப்பட்டாள். வெட்கம் தாங்காமல் அழுதாள். அழுகை நிற்கவில்லை.

பிரதீபன் சாமான் எடுக்க ஹட்டனுக்குப் போயிருந்தான். ஜெயமலர் அவளைக் கடையின் உள்ளறைக்குக் கூட்டிப்போய் உட்கார வைத்தாள். சீதாலெட்சுமி சேலையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிக் காட்டினாள். கண்ணாடி கிழித்த வடு, எங்கோ இடித்துக் கறுத்த விரல், தொங்கிய பாதம். எட்டு மாதத்தையும் சொன்னாள்.

ஜெயமலர் முழுவதையும் கேட்டுவிட்டுத் தன் கையை விலக்கிக்கொண்டாள். பிறகு அவள் குரல் மாறியிருந்தது.

"நான் உங்களிட்டை உண்மையைத்தானே கேட்டனான், அக்கா?"

"ஆமா, டீச்சர்."

"இதைச் சொல்லியிருந்தாலும் நான் போயிருப்பன். ஆனா தெரிஞ்சு போயிருப்பன். எனக்கு இப்பிடி வந்திருந்தா, தனிச்ச மனுசி நான், ஆர் என்னைப் பார்க்கிறது?"

அவள் எழுந்து போய்விட்டாள். அடுத்த சனிக்கிழமை வரவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமையும் வரவில்லை. சீதாலெட்சுமி பதினொரு மணியானால் பஸ் நிறுத்தத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். கால் எரிவது ஒருபக்கம், இது ஒருபக்கம். இரண்டில் எது பெரிது என்று அவளால் சொல்ல முடியவில்லை.

மூன்றாம் சனிக்கிழமை ஜெயமலர் வந்தாள். "கோவம் இன்னும் போகேல்லை. ஆனா நீங்கள் தனியக் கிடந்து எரியிறது அதைவிடப் பெரிய விசயம்" என்றாள். அதோடு நிற்காமல், கல்லாவில் இருந்த பிரதீபனைப் பார்த்து, பள்ளிக்கூடத்தில் கூப்பிடுகிற மாதிரியே கூப்பிட்டாள்.

"பிரதீபன், இஞ்சை வாரும். அம்மான்ரை காலைப் பாரும்."

பிரதீபன் வந்தான். பார்த்தான். முதலில் நம்ப மாட்டேன் என்றுதான் நின்றான். "டொக்டர் சரியாகிரும்னாரே. எக்ஸ்ரேயில எல்லாம் ஒழுங்காத்தானே இருக்கு. தினமும் நான் கேக்குறேனே, நீங்க நல்லாயிருக்குன்னு தானே சொல்றீங்க?" குரல் உயர்ந்துகொண்டே போய் சட்டென்று உடைந்தது. தாயின் முன்னால் தரையில் உட்கார்ந்து, அந்தப் பாதத்தை எடுத்துத் தன் மடியில் வைத்தான். அவன் கை பட்டதும் வலி சுரீரென்று ஏறியது. சீதாலெட்சுமி முகத்தில் காட்டவில்லை. பிறகு யோசித்து, "மெதுவாடா, வலிக்குது" என்றாள். ஆபரேஷனுக்குப் பிறகு மகனிடம் அந்தச் சொல்லை அவள் சொன்னது அதுதான் முதல் தடவை.

மார்கழியில் மறுபடியும் கொழும்புக்குப் போனார்கள். காலில் சின்னச் சின்ன ஊசி வைத்து, மின்சாரம் விட்டு நரம்பைச் சோதித்தார்கள். பத்து மாதமாகியும் அசைவு வரவில்லை, முன்பே வந்திருந்தால் சில பயிற்சிகளாவது தொடங்கியிருக்கலாம், இனி முழுசாகத் திரும்பும் என்று சொல்ல முடியாது என்றார் டொக்டர். பாதம் தொங்காமலிருக்கச் சப்பாத்துக்குள் வைக்கிற ஒரு பிளாஸ்டிக் பட்டை கொடுத்தார். எரிச்சலுக்கு வேறு மாத்திரை எழுதினார். தினமும் பாதத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும், காயம் பட்டால் கால் சொல்லாது, கண்தான் சொல்ல வேண்டும் என்று இரண்டு முறை சொன்னார்.

திரும்பி வரும்போது வேனில் பிரதீபன் தாயின் பக்கத்தில் உட்கார்ந்தான். கித்துல்கலையில் சாப்பிட நிறுத்தியபோது அவளைக் கைபிடித்து இறக்கினான். ஹட்டன் தாண்டியதும்தான் வாயைத் திறந்தான்.

"நான் உங்களை இழுத்துட்டுப் போகாம இருந்திருந்தா..."

"முட்டி வலி போனதும் நெஜம்தான்டா. படி ஏறுறேன்ல? அதுவும் நெஜம், இதுவும் நெஜம். நீ நல்லதுக்குத்தான் செஞ்ச. எனக்குத்தான் இப்படி அமைஞ்சிருச்சு."

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். வெளியே தேயிலை மலைகளில் மூட்டம் இறங்கிக்கொண்டிருந்தது. அவள் பாதத்தில் எரிச்சல் வழக்கம்போல ஏற ஆரம்பித்தது. அவள் முகம் சுளித்ததை இந்தத் தடவை அவன் கவனித்துவிட்டான்.

"எப்படிம்மா எரியுது?" என்று கேட்டான்.

பத்து மாதமாக யாரும் அவளிடம் கேட்காத கேள்வி அது. எப்படி இருக்கு என்று ஊரே கேட்டது. எப்படி எரியுது என்று யாரும் கேட்டதில்லை. எங்கிருந்து தொடங்குவது என்று அவளுக்குத் தெரியவில்லை. மிளகாயிலிருந்து தொடங்கினாள். தலவாக்கலையில் வேன் நெரிசலில் நின்றபோதும், லிந்துலை வளைவில் திரும்பியபோதும், அவள் சொல்லிக்கொண்டேதான் வந்தாள்.