ஒரு விரல் தூரம்

சஜீவனியின் வலது கை அந்த வாரம் முழுவதும் அவள் சொன்னபடி கேட்கவில்லை. பதுளை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பார்மசியில் வேலை பார்த்தாள். மாத்திரைப் பையை நீட்டினால், வாங்குகிறவரின் விரலுக்குச் சற்று முன்னாலேயே கை தானாக நின்றுவிடும். மீதித் தூரத்தை அவர்தான் எட்டிப் பறிக்க வேண்டும். "என்னா தங்கச்சி, தர மனசில்லியா?" என்று ஒரு பெரியவர் கேட்டே விட்டார். அவள் சிரித்துச் சமாளித்தாள்.

எல்லாம் செவ்வாய்க்கிழமை பஸ்ஸில் வந்த வினை.

அதைச் சொல்லுமுன் அவளுடைய கராத்தேயைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பாடசாலைக் காலத்திலிருந்தே பழகுகிறவள். கறுப்புப் பட்டி வாங்கியவள். அவள் பழகியது போட்டிக் கராத்தே. அது ஒரு வினோதமான விளையாட்டு. குத்து முழு வேகத்தில் போக வேண்டும், ஆனால் எதிராளியின் முகத்துக்கு ஒரு விரல் தூரத்தில் நின்றுவிட வேண்டும். நின்றால் புள்ளி. மூக்கை உடைத்தால் வெளியே அனுப்பிவிடுவார்கள். அப்படி நிறுத்துவதற்குக் கொன்ட்ரோல் என்று பெயர். சஜீவனிக்கு இருக்கிற கொன்ட்ரோல் மாகாணத்தில் வேறு யாருக்கும் இல்லை என்று நடுவர்களே சொல்வார்கள். அதற்குக் கிடைத்த பதக்கம் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் மாதா படத்துக்குப் பக்கத்தில் தொங்குகிறது. வருகிறவர்கள் எல்லாரும் அதைப் பார்த்துவிட்டுத்தான் உட்கார வேண்டும் என்பது அம்மா இருதயம்மாவின் சட்டம்.

இனி அந்தச் செவ்வாய்க்கிழமை. மாலை, பசறைக்குப் போகும் பஸ்ஸில் வழக்கம்போல மூச்சுவிட இடமில்லை. அவளுக்குப் பின்னால் ஒருவன் நின்றான். மழித்த முகம், மடிப்புக் கலையாத சட்டை, தோளில் லெப்டொப் பை. பஸ் வளைவில் சாய்ந்தபோதெல்லாம் அவள்மேல் சாய்ந்தான். வளைவு இல்லாத இடத்திலும் சாய்ந்தான். ஒதுங்கினாள், ஒட்டினான். முறைத்தாள், ஜன்னலைப் பார்த்தான். கடைசியில் அவன் கை இடுப்புக்கு வந்ததும் சஜீவனி திரும்பி ஒரு குத்து விட்டாள்.

அடடா, என்ன குத்து! நடுவர்கள் இருந்திருந்தால் நான்கு மூலையிலும் கொடி உயர்ந்திருக்கும். முஷ்டி அவன் மூக்கை நோக்கிப் பாய்ந்து, ஒரு விரல் தூரத்தில் ஆணி அடித்ததுபோல நின்றது.

அவன் கண்ணை இறுக மூடியிருந்தான். ஒன்றும் நடக்கவில்லை என்று தெரிந்ததும் மெல்லத் திறந்தான். முஷ்டியைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். பிறகு சிரித்தான்.

"என்னா தங்கச்சி, பெற்றோல் முடிஞ்சிருச்சா?"

பாதி பஸ் சிரித்தது. இன்னொரு தடவை குத்தியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். அவளும் அதைத்தான் தன் கையிடம் கேட்டாள். கை அசையவில்லை. கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு தன் இடம் வருமுன்பே இறங்கி, இருட்டும்வரை நடந்தாள்.

தனியாக நடந்திருந்தால்கூடப் பரவாயில்லை. அதே லயத்து ராசம்மாவும் அந்த பஸ்ஸில் இருந்தாள். பதுளை ஆஸ்பத்திரியில் கிடக்கும் அக்காவுக்கு அந்த வாரம் தினமும் சாப்பாடு கொண்டுபோய் வருகிறவள். அவளும் கூடவே இறங்கிப் பின்னால் நடந்து வந்தாள். லயத்து வாசலில்தான் வாயைத் திறந்தாள். "நா யார்கிட்டயும் சொல்லமாட்டேன் பாப்பா." பஸ் சிரித்ததைவிட இதுதான் சஜீவனியைச் சுட்டது.

வீட்டுக்குள் இருதயம்மா இருப்புக் கொள்ளாத சந்தோஷத்தில் இருந்தாள். சனிக்கிழமை சேர்ச் மண்டபத்தில் சஜீவனி தோட்டத்துப் பெண்பிள்ளைகளுக்குக் கராத்தே வகுப்பு தொடங்குவதாக ஏற்பாடு. இருதயம்மா லயம் லயமாகப் போய் ஆள் சேர்த்திருந்தாள்.

"எல்லா தாய்மாரும் ஒண்ணுதான் கேக்குறாங்க. பஸ்ல எவனாச்சும் கைய வச்சா மூக்க ஒடைக்கணும். அத மொதல்ல சொல்லிக் குடு."

சஜீவனிக்குச் சோறு இறங்கவில்லை. அந்தப் பிள்ளைகள் பள்ளிக்கும் டியூசனுக்கும் கடை வேலைக்கும் போவது அதே பஸ்ஸில். நிற்கிற கையை வைத்துக்கொண்டு அவர்களுக்கு எதைச் சொல்லிக் கொடுப்பது? தன்னை நம்பி ஒருத்தி குத்தி, அவளுடைய கையும் பாதியில் நின்று, அவளையும் பார்த்து ஒரு பஸ் சிரித்தால்? சனிக்கிழமைக்குள் இந்தக் கை ஒரு முகத்தில் பட வேண்டும். படாவிட்டால் வகுப்பும் இல்லை, கராத்தேயும் இல்லை. அப்படித்தான் அவள் முடிவு கட்டிக்கொண்டாள். அதுவரைக்கும் அந்த பஸ்ஸை விட்டுவிட்டு அடுத்ததில் போனாள். அது அவமானமாகவும் இருந்தது.

வியாழக்கிழமை வேலை முடிந்ததும் சிநேகிதி றிப்னாவைத் தேடிப் போனாள். புஹாரி ஹாட்வெயார் கடையின் மாடியில், பெயின்ட் வாளிகளை ஒதுக்கிவிட்டுப் பாய் விரித்த அறை ஒன்று உண்டு. புஹாரியின் மகள் றிப்னா ஜூடோக்காரி, பாடசாலையில் விளையாட்டு ஆசிரியை. அவள் தம்பி ஷிபான் பொக்சிங். இந்த மூவரும் கூடினால் பயிற்சி பாதி, எது பெரிய கலை என்ற சண்டை மீதி. கீழே கல்லாவில் இருக்கும் புஹாரிக்கு மேலே யார் யாரை எறிந்தார்கள் என்பது கூரையிலிருந்து தேநீரில் விழும் தூசியை வைத்தே தெரிந்துவிடும்.

சஜீவனி நடந்ததைச் சொன்னாள். ஷிபான் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு முன்னால் வந்து நின்றான்.

"அடிங்க அக்கா. இந்த மூஞ்சி போனா ஒருத்தரும் தேடமாட்டாங்க."

மூலையில் தொங்கிய குத்துப் பையை அவள் விளாசித் தள்ளினாள், சங்கிலி கிறீச்சிட்டது. ஆனால் ஷிபானின் முகத்துக்கு முன்னால் வந்ததும் கை நின்றது. மறுபடி முயன்றாள். நின்றது. கண்ணை மூடிக்கொண்டு குத்தினாள். அப்போதும் நின்றது. எங்கே முகம் இருக்கிறது என்று கைக்குத் தெரிந்திருந்தது.

"இது அடி வாங்காத ஆளுட நோய்" என்றான் ஷிபான். "பொக்சிங்ல மொதல்ல அடி வாங்கத்தான் படிக்கிற. ஒண்டு வாங்கினா தானா திருப்பிக் குடுப்பீங்க." சொன்னதோடு நில்லாமல் அவள் மூக்கில் லேசாக ஒன்று வைத்தான். கண் கலங்கி, கோபம் பொங்கி, சஜீவனி திருப்பி விட்டாள். ஒரு விரல் தூரத்தில் நின்றது.

"இதுக்குத்தான் செல்றேன், கராத்தேய விட்டுட்டு ஜூடோக்கு வா" என்றாள் றிப்னா. "எங்கட ஆட்டத்தில அடிக்கிற மாதிரி காட்டுற வேல இல்ல. எறிஞ்சா எறிஞ்சதுதான்."

"பஸ்ஸுக்குள்ள எங்க எறிய, ராத்தா?" என்று ஷிபான் பாய்ந்தான். "அவன எறிஞ்சா கொண்டக்டரும் நாலு லீக்ஸ் மூட்டயும் சேந்து விழும்."

அக்காவும் தம்பியும் வழக்கமான சண்டைக்குள் இறங்கினார்கள். எட்டிப்பிடித்தால் பொக்சர் என்ன செய்வான், எட்டாமல் ஆடினால் ஜூடோக்காரி என்ன செய்வாள் என்று மாறி மாறி வாய் ஓயவில்லை. சஜீவனி வெடித்தாள்.

"ஒங்களுக்கு வெளையாட்டா இருக்கு! நாளன்னைக்கி அந்தப் புள்ளைங்க வந்து நிக்கும். என் கை செத்துப் போச்சு றிப்னா. இத்தன வருஷமா நா என்னத்தப் பழகினேன்? அடிக்காம இருக்கப் பழகியிருக்கேன்!"

சொல்லிவிட்டுப் பாயில் உட்கார்ந்து அழுதாள். இரண்டு பேரும் சண்டையை விட்டுவிட்டு அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள். கீழேயிருந்து புஹாரி ஏதோ குழாயால் கூரையைத் தட்டினார். "மேல என்ன நடக்கிது? ஒருத்தரும் விழுற சத்தத்தக் காணல்லியே!"

றிப்னா அவளை எழுப்பி நிறுத்தினாள். "எனக்குக் குத்து."

"வேணாம்."

"குத்து புள்ள."

குத்தினாள். நின்றது. றிப்னா இந்தத் தடவை அவள் முகத்தைப் பார்க்கவில்லை. தன் தாடைக்குக் கீழே அசையாமல் நிற்கும் அந்த முஷ்டியை, கடையில் புதிதாக வந்திறங்கிய சாமானைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இதுக்கும் என்ட சட்டக் கொலருக்கும் எவ்வளவு தூரம்?"

"ஒரு வெரல்."

"கேளு. கொலரப் பிடிக்க விட்டா ஜூடோல பாதி ஆட்டம் முடிஞ்ச மாதிரி. அதால எவளும் விடமாட்டா. கை வரக்குள்ளயே தட்டி விடுவா. இந்த எடத்துக்கு ஒரு கையக் கொண்டு வரத்தான் நாங்க வருஷக்கணக்கா உசிர விடுற. நீ கண்ண மூடித் தொறக்கிறதுக்குள்ள கொண்டு வந்து வெச்சிட்டு அழுற." கொஞ்சம் நிறுத்தினாள். "விரி கைய."

சஜீவனி கையை விரித்தாள். விரல் நுனியில் கொலர் தட்டியது. பிடித்தாள்.

"முறுக்கு. வெரல் மொளிய தாடைக்குக் கீழ வை. முழங்கைய எறக்கு. இழுக்காத, தொங்கு."

"பஸ்ஸில மேல்கம்பியப் பிடிக்கிற மாதிரி" என்றான் ஷிபான், யாரும் கேட்காமலே. "வளைவு வந்தா விடுவீங்களா?"

அதன்பிறகு அந்த அறையில் பேச்சுக் குறைந்தது. குத்து, நிறுத்து, விரி, பிடி. றிப்னா தட்டினாள், திமிறினாள், குனிந்து நழுவப் பார்த்தாள். கடைசியில் சஜீவனியின் பிடியை விடுவிக்க வழியில்லாமல் அவளையும் சேர்த்தே எறிந்தாள். இருவரும் பாயில் மடாரென்று விழுந்தார்கள். கொலர் இன்னும் சஜீவனியின் கையில் இருந்தது.

"இப்ப சரி!" என்று கீழேயிருந்து குரல் வந்தது.

வெள்ளிக்கிழமை மாலை. அந்தப் பழைய பஸ்ஸில் ஏறுவதா, அடுத்ததுக்கு நிற்பதா என்று சஜீவனி பஸ் நிலையத்தில் குட்டி போட்ட பூனைபோல அலைந்தாள். பாயில் பிடித்தது வேறு. அங்கே எதிரில் இருந்தவள் சிநேகிதி. பஸ் உறுமத் தொடங்கியது. ராசம்மா முன்வாசலால் ஏறுவது தெரிந்தது. சஜீவனி ஓடிப்போய்ப் பின்வாசலால் ஏறினாள்.

அவன் இருந்தான். அவளைக் கண்டதும் முகம் மலர்ந்தது. கூட்டத்தை ஒதுக்கிக்கொண்டு தானே பக்கத்தில் வந்து நின்றான். வளைவுகள் தொடங்கியதும் சாயத் தொடங்கினான்.

"தள்ளி நில்லுங்க" என்றாள், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி.

"இல்லாட்டி? கராத்தேயா?" அவன் சுற்றியிருந்தவர்களைப் பார்த்துக் கண் சிமிட்டினான். கன்னத்தைக் காட்டினான். "அடிங்க பாப்போம், மாஸ்டர்."

குத்து தாடையை நோக்கிப் போனது. ஒரு விரல் தூரத்தில் நின்றது. இந்தத் தடவை அவன் கண்ணைக்கூட மூடவில்லை. யாரோ சிரிக்கத் தொடங்கினார்கள். அவனும் வாயைத் திறந்தான்.

கை விரிந்தது. கொலரைப் பிடித்தது. முறுக்கியது.

திறந்த வாயிலிருந்து சிரிப்பு வரவில்லை. அவன் பின்னால் இழுத்தான். அவளும் கூடவே போனாள். அவள் மணிக்கட்டில் அடித்தான். வலித்தது, நன்றாகவே வலித்தது, பயமாகவும் இருந்தது, விடவில்லை. பஸ் வளைவில் படுத்தது. அவள் தொங்கினாள். அவனுடைய மடிப்புக் கலையாத சட்டையில் பொத்தான் ஒன்று தெறித்து யார் மடியிலோ விழுந்தது.

கொண்டக்டர் வந்தார். "விடுங்க தங்கச்சி, சட்ட கிழியுது."

"கிழியட்டும். பசறை பொலிஸ்ல விடுறேன்."

"என்னா நடந்துச்சுன்னு..."

"செவ்வாக்கெழமையும் இவன் இந்தப் புள்ள இடுப்புல கைய வச்சான்." முன்னாலிருந்து வந்த குரல் ராசம்மாவுடையது. யாரிடமும் சொல்லமாட்டேன் என்றவள், பஸ் முழுவதற்கும் சொல்லிக்கொண்டு வந்தாள். சாப்பாட்டுக் கூடையைக் கீழே வைத்துவிட்டு அவனுடைய பையின் வாரைப் பிடித்துக்கொண்டாள். "நானுந்தான் பாத்தேன். பாத்துட்டு சும்மா இருந்தேன்." வெலிமடைச் சந்தையிலிருந்து வந்த ஒரு பெண் எழுந்து அவன் சட்டைக் கையைப் பிடித்தாள். பின்சீட்டில், டியூசன் முடிந்து வரும் பிள்ளைகள் எட்டிப் பார்த்தார்கள்.

பசறை வரைக்கும் ஒருவரும் சிரிக்கவில்லை. சாரதி பொலிஸ் வாசலிலேயே பஸ்ஸை நிறுத்தினார். முறைப்பாடு கொடுத்துவிட்டு வெளியே வந்தபோதும் சஜீவனியின் விரல்கள் மடங்கியே இருந்தன. ராசம்மாதான் ஒவ்வொன்றாக நீவி விரித்துவிட்டாள்.

சனிக்கிழமை சேர்ச் மண்டபத்தில் எதிர்பார்த்ததைவிடக் கூட்டம். கதை அவளுக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தது. ராசம்மா மகளைக் கூட்டி வந்து முன்வரிசையில் நிறுத்தி, தானும் பக்கத்தில் நின்றுகொண்டாள். இருதயம்மா மகளின் காதில் கிசுகிசுத்தாள். "மூக்க ஒடைக்கிறத மொதல்ல."

சஜீவனி குத்திக் காட்டினாள். ராசம்மா மகளின் மூக்குக்கு ஒரு விரல் தூரத்தில் கை நின்றது. இருதயம்மாவின் முகம் சற்றுத் தொங்கியது. சஜீவனி கையை விரித்து, அந்தப் பிள்ளையின் கொலரை மெதுவாகப் பிடித்தாள்.

"குத்து அப்பறம் வரும். மொதல்ல இது. இப்ப எல்லாரும் வந்து என்னயப் பிடிங்க. நா உதறுவேன். விடக் கூடாது."

வெட்கப்பட்டுக்கொண்டே வந்தார்கள். கொலரை, கையை, முழங்கையை, எட்டாதவர்கள் சட்டை நுனியைப் பிடித்தார்கள். சஜீவனி முறுக்கினாள், குனிந்தாள், தெரிந்த வித்தையெல்லாம் காட்டிச் சுழன்றாள். மண்டபம் முழுக்கச் சிரிப்பும் கூச்சலும். மூச்சு வாங்கியது. கழுத்துப்பக்கம் தையல் விடும் சத்தம் கேட்டது.

"போதும், போதும். விடுங்க" என்றாள்.

ஒருத்தியும் விடவில்லை.