நான்காவது ‘கூறினார்’

பத்து நாளாக, மாலை சரியாக நான்கு மணிக்கு, பத்திரிகை அலுவலகத்தின் லிஃப்ட் மூன்றாவது மாடிக்கு வந்து நிற்கும். கதவு திறக்கும். உள்ளே யாரும் இருக்க மாட்டார்கள்.

“ஒரு கோளாறும் இல்ல சார், யாரோ பட்டனை அமுக்குறாங்க” என்று சொல்லிவிட்டு மெக்கானிக் போய்விட்டான். செய்திப் பிரிவில் யாரும் கண்டுகொள்ளவில்லை, கத்தரியைத் தவிர. எந்தச் செய்தியையும் அரைப் பத்தியாக வெட்டி அந்தப் பெயரை வாங்கிய உதவி ஆசிரியருக்கு மட்டும் நான்கு மணியானால் கண் லிஃப்ட் கதவுக்கே போகும்.

காரணம் அவருக்குத் தெரியும். இரண்டு வாரத்துக்கு முன் ஒரு கிடங்கில் லிஃப்ட் கயிறு அறுந்து இரண்டு சுமைதூக்கிகள் இறந்தார்கள். ஆங்கிலச் செய்தி நிறுவனம் அனுப்பியதில் லிஃப்ட் ஆபரேட்டர் நான்கு வாக்கியம் பேசியிருந்தார். நான்குக்கும் ஒரே வினைதான்: ‘செட்’ (said). ஆங்கிலத்தில் அது தண்ணீர் மாதிரி, எத்தனை முறை வந்தாலும் அலுக்காது. இங்கே இரண்டாம் முறை வந்தாலே செய்திப் பிரிவின் தலைவர் சீஃப் பிடித்துக்கொள்வார்: “என்னய்யா, கூறினார் கூறினார்னு கூறு கட்டி விக்கிறியா?”

ஆகவே முதல் செட் ‘கூறினார்’. அடுத்தது ‘தெரிவித்தார்’. மூன்றாவது ‘குறிப்பிட்டார்’. நான்காவதற்குக் கையிருப்பு தீர்ந்தது. பக்கம் முடிக்கும் நேரம் வேறு, மணி நான்கு. விரல்கள் தாமாக அடித்தன: ‘கயிறு தேய்ந்திருந்தது தனக்குத் தெரியும் என்று ஆபரேட்டர் ஒப்புக்கொண்டார்.’

கிடங்கு மேனேஜர் மேல் முறையீடாகச் சொன்னது அச்சில் வாக்குமூலம் ஆகிவிட்டது. பேப்பர் வந்த அன்றே ஆபரேட்டர் அந்தக் கிடங்கு லிஃப்டின் குழியில் விழுந்து உயிரை விட்டார்.

இன்று மூன்று மணிக்கு அவர் மனைவி வந்து நின்றாள். மூன்று மாடி ஏறிய மூச்சு வாங்கியது. கையில் கசங்கிய பேப்பர் துண்டு.

“நாளைக்கு விசாரணை சார். மேனேஜர் இதைத்தான் காட்டப்போறான். ‘அவனே ஒத்துக்கிட்டானே’ங்கிறான். எம்பொண்ணை ஸ்கூல்ல கொலைகாரன் மகள்னு கூப்பிடுறாங்க. அவர் எதையும் ஒத்துக்கலையே, சொன்னார், அவ்வளவுதானே சார்?”

கத்தரி அந்தத் துண்டை வாங்கிப் பார்த்தார். “காலையில பேப்பர்ல திருத்தம் வரும்மா... லிஃப்ட் இருக்கே, ஏன் படியில ஏறுனீங்க?”

“ஏற முடியல சார். உள்ள ஆள் நிக்கிற மாதிரி இருந்துச்சு.”

அவள் போனதும் கத்தரி சீஃப்பிடம் போனார்.

“இந்த வருஷத்துல உனக்கு மூணாவது திருத்தம்யா. மூணு வந்தா வீட்டுக்குன்னு தெரியுமில்ல?”

“தெரியும் சார்.”

“உன் தலையெழுத்து. நாலு வரிக்கு மேல போகாதே.”

அடித்தார். பக்கத்தில் ஏற்றினார். நகலைக் கையில் எடுத்தபோது மணி நான்கு. லிஃப்ட் வந்தது. கதவு திறந்தது. இன்று மூடவில்லை.

கத்தரி நகலைக் குனிந்து பார்த்தார். கடைசி வரி: ‘மேலாளரை மூன்று முறை எச்சரித்ததாகவும் அவர் ஒப்புக்கொண்டார்.’

“யாருடா என் மேட்டரைத் தொட்டது?”

பக்கம் கட்டுபவன் சிரித்தான். “யாரு அண்ணே தொடுவா? நீங்க அடிச்சு அனுப்புனது அப்படியே இருக்கு.”

அவருடைய விரல்கள்தான். இருபது வருடப் பழக்கம். ஒற்றை விரலால், ஒவ்வோர் எழுத்தாகக் குத்தினார். கூறினார். கூறினார். கூறினார். கூறினார்.

சீஃப் எட்டிப் பார்த்தார். “மறுபடியும் கூறு கட்டுறியா?”

“ஆமா சார். கடைசிக் கூறு. விட்டுருங்க.”

பக்கம் அச்சுக்குப் போனது. லிஃப்ட் கதவு மெல்ல மூடிக்கொண்டது. ஆள் ஏறிய கனத்தோடு கீழே இறங்கியது.

மறுநாள் விசாரணை அதிகாரி அந்த நான்கு வரியை உரக்கப் படித்துவிட்டு, பழைய துண்டை ஒதுக்கி வைத்தார். அன்று நான்கு மணிக்கு லிஃப்ட் வரவில்லை. கத்தரியும் வரவில்லை. வேலை போய், வீட்டில் சாப்பாட்டு மேஜை முன்னால் உட்கார்ந்திருந்தார்.

மேஜையின் மேல் அவர் விரல்கள் தாமாக எதையோ அடித்துக்கொண்டிருந்தன. என்ன சொல் என்று உற்றுப் பார்க்க அவருக்குத் துணிச்சல் வரவில்லை.