மேஜை விரிப்புக்கு நல்ல தண்ணீர்

ஆலயத்தில் மணியடித்து, பெஞ்சு துடைத்து, கதவு பூட்டுவது கோவில்பிள்ளையின் வேலை. அப்பமும் ரசமும் வைக்கிற திருவிருந்து மேஜையின் வெள்ளை விரிப்பைத் துவைத்துத் தருவது அவன் மனைவியின் வேலை. அந்த வாரம் விரிப்பு இளஞ்சிவப்பாகத் திரும்பி வந்தது. கமிட்டியே கூடிவிட்டது.

அவள் என்ன செய்வாள்? வீடு சாயப்பட்டறைக்குப் பின்னால். குழாயைத் திறந்தாலே பட்டறையில் அன்றைக்கு என்ன நிறம் ஓடுகிறது என்று சொல்லிவிடலாம். மகளுக்கு உடம்பெல்லாம் சொறி, தின்றது வயிற்றில் தங்குவதில்லை. "தண்ணிய மாத்துங்க, இல்லேன்னா மருந்து குடுத்தும் பிரயோஜனம் இல்ல" என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். ஆலய வளாகத்து நல்ல தண்ணீரை ஒரு குழாய் போட்டுத் தெருவுக்கு விடுங்கள் என்று அவள் கால் கடுக்க அலைந்து கேட்டதெல்லாம் கிணற்றில் போட்ட கல். வளாகத்திலிருந்து ஒரு குடம்கூட வெளியே போகக் கூடாது என்பது கமிட்டி உத்தரவு. பட்டறை முதலாளிதான் கமிட்டித் தலைவர். குழாய் போட்டால், தெருத் தண்ணீரைக் கெடுத்தது யார் என்ற கேள்வி வருமே! "ஜெபம் பண்ணும்மா" என்றார் போதகர். பண்ணினாள். சொறி அடங்கவில்லை.

விரிப்பு சிவந்ததும் மறுநாளே வாசலில் முதலாளியின் வேன் வந்து நின்றது. கேன் கேனாகத் தண்ணீர் இறங்கியது.

"விரிப்புக்கு மட்டும்தான்மா. வேற எதுக்கும் எடுத்துடாதே, ஐயா கண்டிப்பா சொல்லிட்டாரு" என்றார் டிரைவர்.

துணிக்கு இருக்கிற கொடுப்பினைகூட பெற்ற பிள்ளைக்கு இல்லையா? சீ! வேன் தெருமுனை திரும்புவதற்குள் அவள் கேன் மூடியைத் திறந்து மகளுக்கு ஒரு டம்ளர் ஊற்றினாள். பிள்ளை மடக் மடக்கென்று குடித்துவிட்டு, "அம்மா, இது நாறவே இல்லையே!" என்றது. மிச்சத்தை அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுத்தாள்.

"என் பொழப்புல மண்ணப் போட்டுடாதடி" என்று புருஷன் கெஞ்சினான்.

"போடறது நானா?" என்றவள், விரிப்பைக் குழாய்த் தண்ணீரிலேயே முக்கி எடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை வேறு விரிப்பு இல்லாமல் அதையே அவன் மேஜையில் விரித்து வைத்தான். அதிலிருந்து அழுகிய முட்டை நாற்றம். முதல் ஆளாக முழங்காலிட வந்த முதலாளி, அப்பத்துக்கு நீட்டிய கையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

ஆராதனை முடிந்ததும் அவளைக் கூப்பிட்டார். "அனுப்பின தண்ணிய என்னம்மா பண்ணினே?"

"குடிச்சோங்கய்யா."

"கர்த்தரோட மேஜைக்குக் குடுத்த தண்ணியவா?"

"கர்த்தர் கேட்டா நான் பதில் சொல்லிக்கறேன். இன்னிக்கு நீங்க மூக்கப் பொத்துனீங்களே, அதைத்தான் என் பிள்ள தினமும் குடிக்குது."

முதலாளி போதகரைப் பார்த்தார். போதகர் விரிப்பை மடித்து எடுக்கச் சொன்னார். இவ்வளவு பேர் காதிலும் விழுந்துவிட்டது, இனியாவது குழாய் வந்துவிடும் என்று அவளுக்கு ஒரு நப்பாசை.

அன்று மாலையே கமிட்டி கூடியது. அடுத்த ஞாயிறு போதகர் அறிவித்தார்: விரிப்பு இனி வெளியே சலவைக் கடைக்குப் போகும், செலவு முழுவதும் தலைவருடையது. வேனுக்கு வேலை முடிந்தது. குழாயைப் பற்றி மூச்சே இல்லை.

"இப்படிப்பட்ட உதாரகுணத்துக்காக ஆண்டவரை ஸ்தோத்திரிப்போம்" என்றார் போதகர்.

சபை மொத்தமும் ஆமென் என்றது. மடியில் இருந்த மகளும் பழக்கத்தில், முழங்கையைச் சொறிந்துகொண்டே, ஆமென் சொல்ல வாயெடுத்தாள். அம்மா அந்த வாயைப் பொத்தினாள்.