மூன்றாம் போர்ட்டின் குடித்தனக்காரர்

அலுவலகத்தில் அவளுக்கு 'பட்டியல் அக்கா' என்று பெயர். காரணம் இல்லாமல் யாரும் பெயர் வைப்பதில்லை. ஒரு புதிய எலெக்ட்ரானிக் போர்டு வந்தால், அதில் எந்த இணைப்புக் காலில் எந்தச் சில்லு, எந்த சீரியல் போர்ட்டில், அதாவது தகவல் வந்துபோகும் எந்த வாசலில், எந்தக் கருவி என்று இயங்குதளத்துக்கு எழுதிக் கொடுக்கும் கோப்பு அவளுடையது. இயங்குதளம் பாவம், கண்ணைக் கட்டி விட்டதுபோல் விழித்துக்கொள்ளும். இந்தக் கோப்பைப் படித்துத்தான் தன் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்றே தெரிந்துகொள்ளும்.

இன்று சோதனை ஓட்டம்; அந்தப் போர்டு ஒரு பெட்டிக்குள் அடங்கி, பேருந்தில் ஓட்டுநர் தலைக்கு மேல் உட்கார்ந்திருந்தது. மூன்றாம் சீரியல் போர்ட்டில் இருக்கும் ஜிபிஎஸ் இடத்தைச் சொல்ல வேண்டும், பெட்டி அடுத்த நிறுத்தத்தின் பெயரை வாய்விட்டு அறிவிக்க வேண்டும். வேலை அவ்வளவுதான்.

மூன்றாவது வரிசையில் மடித்த வெள்ளைக் கோலோடு அவளுடைய அண்ணன். அவனுக்குப் பார்வை கிடையாது. இதே பேருந்து போகும் வழியில் உள்ள மருத்துவமனையில் தொலைபேசிப் பிரிவில் வேலை கிடைத்திருக்கிறது, நாளை சேர வேண்டும். "பஸ் ஸ்டாப் பேரச் சொன்னா தனியாப் போ. சொல்லலைன்னா உன் தங்கச்சியோ நானோ கூட வர்றோம்" என்று அம்மா தீர்ப்புச் சொல்லிவிட்டாள். முப்பத்தாறு வயது ஆண்பிள்ளை, அம்மா கையைப் பிடித்துக்கொண்டு வேலைக்குப் போவதா? வேலையே வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டவனை, இந்தப் பெட்டியைக் காட்டித்தான் அவள் சமாதானப்படுத்தி வைத்திருந்தாள்.

பேருந்து கிளம்பியது. முதல் நிறுத்தம் வந்தது, போனது. பெட்டி மூச்சு விடவில்லை.

"சாப்பிடப் போயிருக்கோ?" என்றார் ஓட்டுநர்.

முன் இருக்கையில் இருந்த போக்குவரத்து அதிகாரி சிரிக்கவில்லை. பேனா மூடியைத் திறந்து ஏதோ எழுதினார். அவர் சரி என்றால்தான் பெட்டி பேருந்தில் இருக்கும். அவர் எழுதியது சரி மாதிரித் தெரியவில்லை.

இரண்டாவது நிறுத்தமும் ஊமையாகவே கழிந்தது. அண்ணன் மெதுவாக, "பாப்பா, இது ரெண்டாவதா மூணாவதா? நடுவுல ஒரு தடவை நின்னுச்சே, அது சிக்னலா?" என்றான்.

"மாப்பிள்ளை, என்னதான் ஆச்சு?" என்று சீறினாள். மாப்பிள்ளை என்பது அறிவிப்பு நிரலை எழுதியவனின் பட்டப்பெயர். எந்நேரமும் இஸ்திரி போட்ட சட்டை, ஒரு மடிப்புக் கலையாது. அவன் மடிக்கணினியைப் பெட்டியோடு இணைத்துத் தலையைச் சொறிந்துகொண்டிருந்தான்.

"ஆன்டெனாவா இருக்கும்கா."

ஆன்டெனாவை ஆட்டினார்கள். வயரைப் பிடுங்கிச் செருகினார்கள். ஓட்டுநர் தன் பங்குக்குப் பெட்டியை ஒரு தட்டுத் தட்டினார். ஒன்றும் நடக்கவில்லை.

"என் புரோகிராம் மூணாம் போர்ட்டைத் திறக்கப் பாக்குது. அப்படி ஒண்ணே இல்லைங்குது. போன வாரம் இருந்துச்சேக்கா!"

அவள் மடிக்கணினியைப் பிடுங்கிப் பார்த்தாள். ஒன்று, இரண்டு, நான்கு. மூன்றைக் காணோம். அவளுக்குக் காது மடல் சூடாயிற்று.

ஏனென்றால் மூன்றைத் தின்றவள் அவளேதான். மாப்பிள்ளையின் நிரல் நேராகப் போய்க் கதவைத் தட்டட்டும் என்று, நேற்று முன்தினம்வரை அந்தப் போர்ட்டின் கீழே யார் பெயரும் இல்லாமல் சும்மா விட்டிருந்தாள். நேற்று அவளுடைய ஒழுங்குப் பைத்தியம் தலைக்கேறியது. குடியிருப்பவர் பெயர் இல்லாமல் ஒரு வாசலா என்று, இங்கே இருப்பது ஜிபிஎஸ், இன்ன மாடல், இன்ன வேகம் என்று நான்கு வரி அழகாக எழுதிச் சேர்த்தாள். எழுதியது தப்பே இல்லை, பாடப்புத்தக ஒழுங்கு. அந்த ஒழுங்கைப் பார்த்த இயங்குதளம், ஜிபிஎஸ்ஸைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டு, பொது வாசலைச் சுவர் வைத்து அடைத்துவிட்டது. தகவலை வேறு பெயரில் வேறு வாசலில் கொடுத்துக்கொண்டிருந்தது. இதை மாப்பிள்ளையிடம் ஒரு வார்த்தை சொல்ல மறந்துபோனாள்.

"உன் புரோகிராம்ல பேர மாத்து."

"சோர்ஸ் கோடு ஆபீஸ்லல்ல இருக்கு. இங்கேருந்து மாத்த முடியாதுக்கா."

அதிகாரி திரும்பினார். "அஞ்சாவது ஸ்டாப்புக்குள்ள பேசலைன்னா கழட்டிடுங்கம்மா. எனக்கும் வேலை இருக்கு."

நான்கு வரியையும் அழிக்க அவளுக்கு மனம் வரவில்லை. இருந்தாலும் அழித்தாள். கோப்பைத் தொகுத்தாள், பெட்டியில் ஏற்றினாள், பெட்டியை அணைத்துப் போட்டாள். மூன்றாம் நிறுத்தம் போயிற்று. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு! போர்ட் வந்துவிட்டது. ஆனால் ஜிபிஎஸ் இனிமேல்தான் வானத்தில் செயற்கைக்கோள்களைத் தேட வேண்டும். அந்த நேரம் பார்த்துப் பேருந்து மேம்பாலத்துக்கு அடியில் போய் நின்றது.

"அண்ணே, கொஞ்சம் வெளிச்சத்துக்கு வாங்களேன்!" என்று ஓட்டுநரிடம் கெஞ்சினாள்.

"சிக்னல் விழட்டும்மா. பஸ்ஸத் தூக்கிட்டா பறக்க முடியும்?"

நான்காம் நிறுத்தமும் பேச்சில்லாமல் போயிற்று. அதிகாரி பேனாவை மூடிப் பையில் செருகினார். அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"அடுத்த நிறுத்தம், மருத்துவமனை."

மாப்பிள்ளை எகிறிக் குதித்ததில் கம்பியில் மண்டை இடித்துக்கொண்டான். அதிகாரி பெட்டியை ஒரு கணம் முறைத்துப் பார்த்துவிட்டு, "சரி, இருக்கட்டும். இனி தினமும் பேசணும்" என்றார்.

அவள் மடிக்கணினியை மூடி அவசரமாகப் பையில் திணித்தாள். அதற்குள் அண்ணன் எழுந்து, கோலை விரித்து, கம்பியைப் பிடித்தபடி படிக்கட்டு வரை போயிருந்தான்.

"இருடா, வர்றேன்!"

"நீ எதுக்கு? அது சொல்லிடுச்சுல்ல. வாசல்ல செக்யூரிட்டி இருப்பாரு, கேட்டுக்கறேன். நாளைக்கு வர்றதுக்கு முன்னாடி இன்னிக்கே ஒரு தடவ பாத்துட்டு வந்துடறேன்."

பேருந்து நின்றதும் இறங்கிவிட்டான். கதவு மூடியது. கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு பார்த்தாள். கோல் நடைபாதை விளிம்பைத் தேடிக் கண்டுபிடித்தது, அவன் வலது பக்கம் திரும்பி நடந்தான். அவளுக்குப் பெருமையாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது, கண்ணீரும் வந்துவிட்டது.

கைப்பேசி அடித்தது. அம்மா.

"எங்கடி இருக்கீங்க? அவன் பக்கத்துல இருக்கானா, குடு."

"இல்லம்மா," என்றாள் அவள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "அவன் போயிட்டான்."

"போயிட்டானா? யாரு கூட?"

"யாரு கூடவும் இல்லம்மா."