பேருக்குப் பக்கத்தில் இரண்டு எழுத்து

“விரிக்காம அனுப்ப முடியாதுங்க கௌரி, ஒரு எழுத்துகூடச் சுருக்கமா நிக்கக் கூடாதுன்னு—”

“தெரியாததை எப்படிங்க சார் விரிக்கறது, தெரியலைன்னா கோடு போட்டு விடுங்கன்னு நீங்கதானே—”

“தெரியாதுன்னு யாருங்க சொன்னா? லிஸ்ட்லயே இருக்குது—”

“அந்த லிஸ்ட்தானுங்க சார் தப்பு.”

எல்வின் அதோடு நிறுத்தினார். லிஸ்ட் தப்பு என்று அந்த ஆபீஸில் யாரும் சொன்னதில்லை. கௌரியே சொல்லுவாள் என்று கனவிலும் நினைத்திருக்க மாட்டார். லிஸ்ட் போட்டவளே அவள்தானே.

ஏற்காட்டில் ஏரிக்குப் போகிற ரோட்டில் பேக்கரிக்கு மேல்மாடி. எட்டுக் கம்ப்யூட்டர், எட்டுப் பெண்கள், ஓரத்தில் கண்ணாடி அடைத்த முதலாளி எல்வினின் அறை. சேலத்திலே ஒரு நர்ஸிங் ஹோம். அங்கே டாக்டர் கையால் எழுதிய பழைய கேஸ் ஷீட்டெல்லாம் படமாக வரும். கோழி கிளறின மாதிரி இருக்கிற அதைப் படித்து, சுருக்கங்களையெல்லாம் முழுச் சொல்லாக விரித்து டைப் அடித்து அனுப்ப வேண்டும். ‘ஓ.டி.’ என்று கண் டாக்டர் எழுதினால் வலது கண், மற்றவர் எழுதினால் தினம் ஒரு வேளை. இதெல்லாம் பதினோரு வருஷத்தில் கௌரிக்குத் தண்ணி பட்ட பாடு. மற்றப் பெண்கள் திகைத்தால் அவளைத்தான் கேட்பார்கள். அவள் சொன்னது லிஸ்டில் ஏறும். ஏறிவிட்டால் அது வேதம்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ‘ஜி.எஸ்.’ வந்தது. ஒரே டாக்டரின் ஷீட்டுகளில், அடிக்கடி. எந்த மருத்துவ அகராதியிலும் இல்லை. கோடு போட்டுத்தான் விட்டிருக்க வேண்டும். ஆனால் கோடு அதிகமானால் ஆபீஸுக்குக் கெட்ட பேர் என்று அந்த மாசம் எல்வின் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். பார்த்த ஷீட்டில் பாதி வயிற்றுவலிக் கேஸ். ‘கேஸ்ட்ரிக் சிம்ப்டம்ஸ்’ என்று கௌரி சொல்லிவிட்டாள். வயிற்றுக் கோளாறுக்கான அறிகுறி. பொருத்தமாகத்தான் இருந்தது. அவள் ஒருத்தி ஊகித்ததை எட்டுப் பேரும் அடித்தார்கள்.

இன்றைக்குக் காலையில் வந்த ஃபைல் வெள்ளையம்மாளுடையது. மஞ்சக்குட்டையில் கௌரி ஊட்டுக்கு எதிர் ஊடு. போன வருஷம் வயிற்றுவலி என்று திங்கட்கிழமை அந்த நர்ஸிங் ஹோமுக்குப் போனாள். ஊசி போட்டு அனுப்பினார்கள். புதன்கிழமையும் போனாள், அதே ஊசி. வெள்ளிக்கிழமை குடல்வால் வெடித்து, பெரியாஸ்பத்திரியில் வயிற்றைத் திறந்து பிழைக்க வைத்தார்கள். இன்றைக்கும் மலம் இறங்க இடுப்பில் பை கட்டிக்கொண்டு, வாடை வருமோ என்று பயந்து ஒரு கல்யாணம் கருமாதிக்குப் போவதில்லை. அவள் புருஷன் மாதேஸ்வரன் மனு மேல் மனு போட்டு, ஒரு வழியாக விசாரணை வந்திருக்கிறது. டைப் அடித்த ஃபைல் ஐந்து மணிக்குள் விசாரணை அதிகாரிக்குப் போய்ச் சேர வேண்டும்.

திங்கட்கிழமை ஷீட்டை கௌரி திறந்தாள். ‘ஜி.எஸ்.’ இருந்தது. வழக்கம்போல விரல் தானாக ஓடப் பார்த்தது. அப்புறம்தான் கண்ணில் பட்டது. அந்த இரண்டு எழுத்தும் நோயைப் பற்றி எழுதுகிற இடத்தில் இல்லை. மேலே, பேருக்குப் பக்கத்தில் இருந்தது. என்ன உபத்திரவம் என்று கேட்பதற்கு முன்னால், காய்ச்சல் பார்ப்பதற்கு முன்னால். வயிற்றைத் தொட்டே பார்க்காமல் வயிற்றுக் கோளாறு என்று எந்த டாக்டர் எழுதுவார்?

சாப்பாட்டு நேரத்தில் டப்பாவைத் திறக்காமல் சென்னம்மாளிடம் போனாள். அதே நர்ஸிங் ஹோமில் இருபது வருஷம் நர்ஸாக இருந்துவிட்டு வந்து, பஜாருக்குப் பின்னால் ஊடு கட்டிக்கொண்டவள். மலையிலேயே பிறந்தவள்தான். கேட்டதும் சென்னம்மாள் சிரித்தாள். வாய் கொள்ளாத சிரிப்பு.

“காட் செக்‌ஷன், கண்ணு. நம்ம கொண்டை ஊசி வளைவு ரோடு இருக்குதே, அது. மேலேருந்து வந்தவங்கன்னு அடையாளம். ராகிக்களியைத் தின்னுபோட்டு வருவாங்க, ஸ்கேன் கீன் ஒண்ணும் வேண்டாம், ஊசியைப் போட்டு மூணு மணி பஸ்ஸுக்கு முடுக்கிவிடுன்னு அர்த்தம். இதுக்கா வேகாத வெயில்ல வந்தே?”

கௌரியின் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு, உன்னையெல்லாம் அப்படி நெனப்பாங்களா சாமி, நீ படிச்சவ என்று சமாதானம் வேறு. அதற்கு மேல் ஒரு டம்ளர் காப்பி. கொய்யாவைக் கடித்துவிட்டு மிச்சத்தில் பாதிப் புழுவைப் பார்த்தவள் மாதிரி கௌரி டம்ளரைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தாள். அந்தச் சிரிப்பும் அருவருத்தது, காப்பியும் அருவருத்தது. எல்லாவற்றையும்விடத் தன் கையே அருவருத்தது. டாக்டர் துப்பிய எச்சிலைத் துடைத்து, பட்டுத்துணி போர்த்திப் பெயர் வைத்தது அந்தக் கைதானே. ஆபீஸ் குழாயடியில் இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவினாள். கழுவினால் போகிற அழுக்கா அது?

வந்ததும் எல்வினிடம் அந்த இரண்டு எழுத்தையும் விரிக்க முடியாது என்றாள். அங்கே பிடித்ததுதான் இந்தச் சண்டை; அப்புறம் சென்னம்மாள் சொன்னதையெல்லாம் சொன்னாள்.

எல்வின் கெட்டவர் இல்லை. குரலைத் தாழ்த்தி நியாயம் பேசினார். ரிட்டயர் ஆன நர்ஸ் ஒருத்தி வாயில் வந்ததை வைத்து ஒரு டாக்டர் தலையில் கல்லைப் போடுவதா? அந்த நர்ஸிங் ஹோம் வேலையை நிறுத்தினால் எட்டுப் பேரும் எங்கே போவது? அதுவும் அந்த மனுஷன் எவ்வளவு நல்லவர் தெரியுமா? கடைசிக் காலத்தில் எல்வின் தன் அம்மாவைக் கூட்டிப்போனபோது வரிசையில் ஐந்து நிமிஷம்கூட உட்கார வைக்கவில்லையாம். ஒண்ணுமில்லை, ஊட்டுக்குப் போங்க என்று உடனே பார்த்து அனுப்பினாராம். சொல்லும்போதே பின்னால் சுவரில் மாட்டியிருந்த லில்லி டீச்சர் படத்தை ஒரு பார்வை பார்த்தார். அந்த வாரமே போய்விட்ட அம்மா.

“உங்க ஜனத்துக்காக நீங்க பேசறீங்க, எனக்குப் புரியுதுங்க. ஆனா மலைக்காரங்க ஏதேதோ தின்னுபோட்டுக் கடைசி நேரத்துலதானே வர்றாங்க. டாக்டர் என்ன பண்ணுவாரு?”

சென்னம்மாள் சொன்ன அதே களி, அதே இளக்காரம். வேறே வாயிலிருந்து வந்தது, அவ்வளவுதான்.

பிறகு அவர் கடைசி ஆயுதத்தை எடுத்தார். லிஸ்டில் யார் பேர் இருக்கிறது? கௌரி பேர். தோண்டினால் முதலில் வெளியே வருவது யார்? கௌரி. இதை வயிற்றுக் கோளாறு என்றே அனுப்பிவிட்டால் யாருக்கும் ஒன்றுமில்லை.

யாருக்கும் என்றால் வெள்ளையம்மாளைச் சேர்க்காமல். டாக்டர் பார்த்தார், வயிற்றுக் கோளாறு என்று கண்டார், ஊசி போட்டார் என்று ஃபைல் சொல்லும். மாதேஸ்வரனின் மனுவை மடித்து வைத்துவிடுவார்கள்.

கௌரி தன் இடத்தில் போய் உட்கார்ந்தாள். திங்கட்கிழமை ஷீட்டையும் புதன்கிழமை ஷீட்டையும் அடித்தாள். இரண்டிலும் பேருக்குப் பக்கத்தில் ஜி.எஸ். என்று உள்ளது உள்ளபடி போட்டாள். கீழே குறிப்பு எழுதுகிற கட்டத்தில், இதுவரை தந்த விரிவு என் ஊகம், அது தப்பு, அந்த நர்ஸிங் ஹோமில் வேலை பார்த்தவர் சொன்ன அர்த்தம் இது என்று எழுதி, முழுப்பேரையும் போட்டாள். எல்வின் ஒரு பொத்தானை அழுத்தினால்தான் ஃபைல் போகும். மணி நாலரை.

தான் கெடுத்தது மொத்தம் எத்தனை என்று பார்த்துவிடலாம் என்று கம்ப்யூட்டரைத் தேடச் சொன்னாள். நானூற்றுப் பன்னிரண்டு பேர் வந்தார்கள். பேரும் ஊரும் வரிசையாக ஓடின. மஞ்சக்குட்டை, நாகலூர், வெள்ளக்கடை, மறுபடி மஞ்சக்குட்டை. காதுவலிக்காரனுக்கு வயிற்றுக் கோளாறு. கை ஒடிந்தவளுக்கு வயிற்றுக் கோளாறு. அடித்த ஒருத்திக்காவது இது உறைக்கவில்லையே. எப்படி உறைக்கும், கௌரியக்கா சொன்னதாயிற்றே. பாதிக்கு மேல் போனதும் ஏற்காடு டவுன் முகவரி ஒன்று வந்தது. அதில் கை நின்றுவிட்டது. ஷீட்டைத் திறந்து இரண்டு தடவை படித்தாள்.

எழுந்து கண்ணாடி அறைக்குப் போனாள். எல்வின் குறிப்பைப் படித்துக்கொண்டிருந்தார். நிமிராமல், இதை எடுத்துருங்க கௌரி, நானே லிஸ்ட்ல இருக்கறதைப் போட்டு அனுப்பிக்கறேன் என்றார். விரல் மவுஸ் மேல் இருந்தது.

கௌரி கதவைச் சாத்தினாள், மற்றப் பெண்கள் காதில் விழ வேண்டாம் என்று.

“லில்லி டீச்சர் மூச்சு வாங்குதுன்னுதானுங்க சார் போனாங்க. அவங்க பேருக்குப் பக்கத்துலயும் ஜி.எஸ். இருக்குது. அதையும் வயித்துக் கோளாறுன்னே உட்டரட்டுங்களா?”