கல்லின் கீழ்ப்பாதி

காரைக்காலில் பிரெஞ்சு வாத்தியார் என்றால் சவரிநாதன்தான். பள்ளியில் பிரெஞ்சு எடுத்துப் படிக்கிற பிள்ளைகள் வருஷா வருஷம் குறைந்துகொண்டே போனார்கள். மிச்சமான பொழுதையெல்லாம் அவர் பழைய காகிதங்களோடு கழித்தார். 1981-இல் வக்கீல் சொக்கநாதன் ஊர்ப் பிரமுகர்கள் சிலரைச் சேர்த்து 'காரைக்கால் பழமை காப்புக் குழு' என்று ஒன்றைத் தொடங்கினார். அதற்குப் பிரெஞ்சு படிக்க ஓர் ஆள் வேண்டியிருந்ததால் சவரிநாதனையும் போட்டுக்கொண்டார்.

குழு கூடினால் டீயும் பஜ்ஜியும் வரும். தீர்மானம் நிறைவேறும். வேலை மட்டும் சவரிநாதன் தலையில் விழும்.

மாதா கோயில் அலமாரி ஒன்றில் கிடந்த பழைய பிரெஞ்சுச் செய்தித்தாளில்தான் அந்த விஷயம் கண்ணில் பட்டது. நூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு புயலில் மீனவக் குப்பமான கருக்களாச்சேரிக்கு எதிரே பாய்மரக் கப்பல் ஒன்று தரைதட்டி உடைந்திருக்கிறது. குப்பத்து ஆட்கள் கட்டுமரத்தில் போய் மாலுமிகளைக் கரைசேர்த்திருக்கிறார்கள். கப்பலின் பெயர் இருந்தது. கப்பித்தானின் பெயர் இருந்தது. முங்கிப்போன சரக்கு இன்னதென்றுகூட இருந்தது. போய்த் திரும்பாதவர்கள் மட்டும் 'சில உள்ளூர் மீனவர்கள்'.

அந்த மூன்று வார்த்தை சவரிநாதனைத் தூங்கவிடவில்லை. அவர்கள் பெயரைத் தேடி, பஸ் பிடித்துப் பாண்டிச்சேரியில் பழைய அரசாங்கக் காகிதங்கள் வைத்திருக்கும் ஆபீசுக்குப் போனார். அந்த வருஷத்துக் கட்டு காரைக்காலிலேயே தங்கிவிட்டது என்றார்கள். திரும்பி வந்து கேட்டால், அப்போதே லாரியில் பாண்டிச்சேரிக்கு ஏற்றிவிட்டோமே என்றார்கள். மறுபடி போனபோது வேறொருவர், "அதெல்லாம் கப்பல்ல பிரான்சுக்கே போயிருக்கும் சார். நீங்க ஏன் அலையிறீங்க?" என்று பரிவோடு கேட்டார். அந்தப் பரிவுதான் தாங்க முடியாததாக இருந்தது.

சலித்துப்போய் ஒருநாள் சைக்கிளை எடுத்துக்கொண்டு கருக்களாச்சேரிக்கே போனார். கடலைப் பார்த்தபடி இடுப்புயரத்துக்கு ஒரு கல் நின்றது. எண்ணெயும் மஞ்சளும் குங்குமமும் பூசிப் பூசிக் கல்லே தெரியாதபடி அப்பியிருந்தது. காவக்கல்லு என்றார்கள். கடலுக்குப் போகிறவர்களுக்கு அதுதான் காவல். பூவாயி என்கிற பெண்மணி வெள்ளிக்கிழமைதோறும் அதற்கு விளக்கேற்றுவாள். அப்பிய மஞ்சளில் ஓர் ஓரம் பெயர்ந்திருந்தது. அந்த இடத்தில் ஒரு பிரெஞ்சு எழுத்து எட்டிப்பார்த்தது.

மஞ்சளைத் துடைத்துப் படித்துப் பார்க்கட்டுமா என்று பூவாயியிடம் கெஞ்சாத குறையாகக் கேட்டார்.

"வேதக்காரவுங்க தொட்டா என்ன, தொடாட்டி என்ன? குளிச்சிட்டு வாங்க. இரும்பு மட்டும் படக்கூடாது" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்ததும் போவார். வெந்நீரும் சீயக்காய்த் தூளும் போட்டுத் துணியால் துடைப்பார். கொஞ்சம் கொஞ்சமாக வரிகள் வெளியே வந்தன; நோட்டில் எழுதிக்கொண்டார். ஒருநாள் பூவாயியைக் கூப்பிட்டு, தமிழாக்கிப் படித்துக் காட்டினார்.

"'கடலில் தவித்தவர்களைக் காக்கப் போய்த் திரும்பாத, இவ்வூர்க்காரர்களின் நினைவாக.'"

பூவாயி முந்தானையை இழுத்துத் தோளைப் போர்த்திக்கொண்டாள். "எங்க ஆளுங்களா இது?"

"ஆமாங்க்கா. கீழ தமிழ்ல பேரு ஆரம்பிக்குது. மத்தது மண்ணுக்குள்ள போயிடுச்சு. கொஞ்சம் தோண்டினாப் போதும்."

"தோண்டுறதுக்கு நான் எப்படிச் சொல்றது? பஞ்சாயத்துல கேக்கணும். ஆடி முடியட்டும், நானே கேட்டுச் சொல்றேன்."

ஆடி முடிகிறவரை வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். சந்தோஷம் விடவில்லை. மந்திரியை அழைத்துக் கண்காட்சி ஒன்று நடத்துவது பற்றிப் பேசிய அடுத்த கூட்டத்தில் சொல்லிவிட்டார். சொக்கநாதன் பஜ்ஜியைத் தட்டில் வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"சவரி சார், நம்ம கண்காட்சிக்கு இதவிட வேற என்ன வேணும்? கல்லையே கொண்டாந்துடுவோம்."

"ஐயோ, அது சாமிக்கல்லுங்க. ஆடி முடிஞ்சா அவங்களே தோண்ட விடுவாங்க. காயிதத்த ஒட்டிப் படியெடுத்துக் காட்டலாம்."

"காயிதத்தப் பாக்கவா மந்திரி வராரு? நீங்க படிக்கிற வேலையப் பாருங்க. மத்தத நான் பாத்துக்கிறேன்."

அவர் பார்த்துக்கொண்ட விதம், ஆண்களெல்லாம் கடலுக்குப் போயிருந்த ஒரு காலைப்பொழுதில் லாரியும் கடப்பாரையும் அனுப்பியது. வகுப்பில் இருந்த சவரிநாதனுக்கு யாரோ வந்து சொன்னார்கள். சாக்பீஸ் தூள் ஒட்டிய கையோடு சைக்கிளை மிதித்தார். எதிர்க்காற்று. அவர் போய்ச் சேர்ந்தபோது பெண்கள் மண்ணை வாரித் தூற்றிக்கொண்டிருந்தார்கள். கல் இரண்டாக உடைந்திருந்தது. மேல்பாதி லாரியில் கிடந்தது. கீழ்ப்பாதியின்மேல் பூவாயி விழுந்து கட்டிப்பிடித்துக் கிடந்தாள்.

"நிறுத்துங்கய்யா!" என்று கத்தினார். லாரி நகர்ந்துவிட்டது.

பூவாயி தலையைத் தூக்கி அவரைப் பார்த்தாள். "குளிச்சிட்டு வந்து படிச்சீங்களே வாத்தியாரே, இதுக்குத்தானா?"

எனக்குத் தெரியாது என்று சொல்ல வாயெடுத்தார். அதைச் சொல்வதில் என்ன இருக்கிறது என்று தோன்றி, குனிந்து சிதறிக் கிடந்த கல் சில்லுகளைப் பொறுக்கினார்.

கண்காட்சியில் அரைக்கல்லுக்கு மாலை போட்டிருந்தார்கள். பக்கத்து அட்டையில் 'பிரெஞ்சு மாலுமிகளின் நினைவுச்சின்னம்' என்று எழுதியிருந்தது. "யாரு சார் இத எழுதினது? செத்தது மாலுமிங்க இல்ல" என்றார் சவரிநாதன். "மந்திரி வர்ற நேரத்துல ஆரம்பிக்காதீங்க" என்று சொக்கநாதன் அவர் முழங்கையைப் பிடித்து ஓரமாக நகர்த்தினார். சவரிநாதன் அன்றே குழுவிலிருந்து விலகினார். யாரும் ஏனென்று கேட்கவில்லை.

கண்காட்சி முடிந்ததும் கல், அது நடந்த மண்டபத்தின் பின்பக்கம் போனது. அதில் சைக்கிளைச் சாய்த்து வைத்தார்கள். ஊருக்கே திருப்பிக் கொடுங்கள் என்று அவர் எழுதிக்கொண்டே இருந்தார். குழு கூடித் தீர்மானம் போட வேண்டும் என்று பதில் வந்தது. குழு அதற்குப் பிறகு கூடவே இல்லை. ஒரு மழைக்காலம் போய் இன்னொன்றும் போனது.

கடைசியில் ஒரு டெம்போவையும் சுமைதூக்கிகளையும் கூட்டிக்கொண்டு அவரே போய்விட்டார். மண்டபத்துக் காவல்காரர், "லெட்டர் இருக்கா சார்?" என்று வழிமறித்தார்.

"லெட்டரா? எழுதி எழுதிக் கையே ஓஞ்சிடுச்சுய்யா! போலீஸக் கூப்பிடு! வக்கீலக் கூப்பிடு! எவன் வேணா வரட்டும், நான் இங்கதான் நிக்கிறேன்!"

அந்த மனிதர் இப்படிக் கத்தி யாரும் கேட்டதில்லை. காவல்காரர் ஒதுங்கிக்கொண்டார்.

கருக்களாச்சேரியில் கல்லை இறக்கியதும் பஞ்சாயத்தார் கூடிவிட்டார்கள். கொத்தனாரை வரவழைத்துச் சிமெண்டு குழைத்தார்கள். கூரை போட்ட கொட்டகைக்குள் கீழ்ப்பாதியைத் துணி சுற்றி வைத்திருந்தார்கள். துணியை அவிழ்த்தபோது, உடைந்த இடத்தை ஒட்டித் தமிழ் எழுத்துகள் வரிவரியாகத் தெரிந்தன. சிமெண்டு பூச வேண்டியதும் அங்கேதான்.

"கொஞ்ச நேரம் குடுங்க. எழுதிக்கிட்டு விட்டுடுறேன்" என்றார் சவரிநாதன்.

பஞ்சாயத்தில் மூத்தவரான வைத்திலிங்கம் குறுக்கே கையை நீட்டினார். "வேணாம் வாத்தியாரே. கல்லக் கொண்டாந்து சேத்தீங்க, நல்லாருங்க. எழுதுறதெல்லாம் வேணாம்."

"உங்க பாட்டன் பூட்டன் பேருங்க அது!"

"பேரு தெரியாமதான் இவ்வளவு காலமாக் கும்புட்டோம். எழுதிக்கிட்டுப் போனதுக்கப்புறம்தான் லாரி வந்துச்சு."

சவரிநாதன் பூவாயியைப் பார்த்தார். அவள் கொத்தனாருக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். கரண்டி வரிமேல் ஏறி இறங்கியது. நின்ற இடத்திலிருந்து கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். ஒரு வரியின் கடைசியில் ஏதோ ஒரு பெயரின் முடிவாக 'யான்' என்பது மட்டும் தெரிந்தது. பிறகு அதுவும் போயிற்று.

அந்த வருஷம் பள்ளி ஆண்டு மலருக்கு அதையெல்லாம் கட்டுரையாக எழுதினார். 'பெயர்கள் இருந்தன; படிக்க முடியாமல் செய்தது நாங்கள்தான்' என்று முடித்திருந்தார். தலைமையாசிரியர் அந்த வரியைச் சிவப்பு மையால் அடித்து, "எதுக்கு சார் வம்பு? மத்ததெல்லாம் நல்லா இருக்கு" என்றார்.

"அப்ப மத்ததும் வேணாம்" என்று சவரிநாதன் தாள்களை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வகுப்புக்குப் போனார்.