வெளியே நின்று பேசும் குரல்

நாற்காலிகளை எதிரெதிராகத் திருப்பிப் போட்டு உட்காரும்படி குடும்பநல ஆலோசகர் சொன்னதும், என் கணவர் முதலில் என் நாற்காலியின் கால் ஆடுகிறதா என்று அசைத்துப் பார்த்தார். லிஃப்ட் மெக்கானிக். எதையும் ஆட்டிப் பார்க்காமல் நம்ப மாட்டார். வேறொரு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன். இன்று சிரிப்பு வரவில்லை. இங்கேயும் ஒன்றும் நடக்கவில்லை என்றால் அக்கா வீட்டுக்கே போய்விடுவதாகக் காலையில் சொல்லியிருந்தேன். "சரி" என்று சொல்லிவிட்டுப் பல் துலக்கப் போன மனிதர் இவர்.

"அவங்க அழும்போது உங்களுக்குள்ள என்ன ஆகுதுன்னு அவங்ககிட்டயே சொல்லுங்க," என்றார் ஆலோசகர்.

கணவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "பயப்படாத. பதட்டப்பட ஒண்ணுமில்ல. கொஞ்ச நேரத்துல எல்லாம் சரியாயிடும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டு அலறுகிறவர்களிடம் கதவுக்கு வெளியே நின்று சொல்வதற்கென்று கம்பெனியில் பழக்கிவிட்ட வார்த்தைகள் அவை. குரலின் ஏற்ற இறக்கம்கூட மாறாது. என் அப்பா இறந்த அன்றைக்கும் இதையேதான் சொன்னார்.

"நான் என்ன லிஃப்டுலயா மாட்டியிருக்கேன்?" என்றேன்.

வீட்டில் என்றால் இந்த இடத்தில் எழுந்து கீழே போய் வண்டியைத் துடைக்க ஆரம்பித்துவிடுவார். எங்கள் தெருவிலேயே பளபளப்பான வண்டி எங்களுடையதுதான். இங்கே துடைக்க ஒன்றும் இல்லை.

"அங்க உள்ள இருக்கறவங்க யாருன்னு எனக்குத் தெரியாது," என்றார் தரையைப் பார்த்தபடி. "அதனால குரல் நடுங்காது. நீ அழுதா எனக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. என்னாலதான் நீ அழறேன்னு தெரியும். ஏதாவது தப்பாச் சொல்லி, நீ போயிட்டேன்னா... அதான் அதையே சொல்லிடறேன்."

எத்தனை வருடமாக ஏங்கிய பேச்சு. கேட்டதும் மனம் குளிர்ந்திருக்க வேண்டும். எனக்கோ பயம்தான் வந்தது. மனிதர் சுவர் மாதிரி என்று நினைத்துத்தான் இத்தனை நாளும் முட்டிக்கொண்டிருந்தேன். இவருக்கும் நடுங்கும் என்றால் நான் எதைப் பிடித்துக்கொள்வது?

"போயிடுவியா?" என்று கேட்டார்.

இல்லை என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. பொய்யாகிவிடுமோ என்று விழுங்கினேன். "தெரியலங்க."

இப்போது எழுந்துவிடுவார், இப்போது எழுந்துவிடுவார் என்று என் உடம்பு காத்திருந்தது. கணவர் தன் நாற்காலியை இன்னும் முன்னால் இழுத்துப் போட்டார். எங்கள் முழங்கால்கள் இடித்துக்கொண்டன. அவற்றில் ஒன்று நடுங்கிக்கொண்டிருந்தது. யாருடையது என்று தெரியவில்லை, இருவருமே காலை எடுக்கவில்லை.